ரத்தத்தின் மேல் நின்ற வெள்ளை

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி, காலை ஏழேகால் மணி, மழைத் தூறல். செங்கம் சாலையில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. தினமும் காலையில் வீட்டுக் கருவியில் பார்க்கும் சர்க்கரை இரண்டு மாதமாக 120ஐத் தாண்டவில்லை. அந்தத் தெம்பில் யாரையும் கேட்காமல் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி ஐந்து வாரமாகியிருந்தது.

எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றிய பெண், குழாயோடு வந்தாள்.

"ஐயா, நைட்டு எதனா சாப்ட்டீங்களா? மேல பால் மாதிரி நிக்குது பாருங்க."

"எட்டு மணிக்கு ரெண்டு இட்லி, அவ்ளோதாம்மா."

மதியம் வந்த அறிக்கையில் அந்த வெள்ளைக்குக் காரணம் இருந்தது. 150க்குள் இருக்க வேண்டிய டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. என் மனைவியும் நானும் உடனே டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"உங்க ஒடம்புல இன்சுலின் இருக்குது சார், அதனால வெறும் வயித்து சர்க்கரை இன்னும் ஏறல. ஆனா அது சரியா வேலை செய்யல. அதனால கொழுப்பு ரத்தத்துல ஜாஸ்தியா சேருது. நீங்க நிறுத்தின மாத்திரை, சர்க்கரையோட அதையும் அடக்கி வெச்சிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

"கிரிவலப் பாதையில எத்தினி கடைன்னுகூட எண்ணி வெச்சிருப்பாரு டாக்டரம்மா. மாத்திரைய மட்டும் கணக்குல விட்டுட்டாரு" என்றாள் மனைவி.

பழைய மாத்திரையோடு கொழுப்புக்கும் ஒன்று சேர்த்துச் சாப்பிட்டேன். ஆறு வாரத்தில் ரத்தம் தெளிந்துவிட்டது. இப்போது சர்க்கரையோடு கொழுப்பையும் தவறாமல் பார்க்கிறேன். டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையையும் விடுவதில்லை. பரிசோதனை, மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 3,865 ரூபாய்.