நின்று நடக்கும் மதீனா பீவி

தாராவியில் தோல் பை தைக்கும் அபுதாஹிரின் மனைவி மதீனா பீவிக்குச் சிறு வயதிலேயே சோம்பேறி என்ற பெயர் வந்துவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு நாலடி வைத்தால் தொடை இறுகிக்கொள்ளும். இறக்கிவைத்துவிட்டு நிற்பாள். வலி விட்டதும் தெருக்கோடி வரை சிரமமில்லாமல் நடப்பாள். அதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

"இப்ப மட்டும் எப்பிடி நடக்கா? எல்லாம் நடிப்பு" என்பார் மாமியார்.

அபுதாஹிரோ அவள் நிற்கும் இடத்தில் தானும் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார்.

ஒருநாள் முலுண்டுக்குப் போகக் கிளம்பி, மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போதே லோக்கல் வந்துவிட்டது. இருவரும் ஓடினார்கள். ரயில் கிடைத்தது; ஆனால் மதீனாவால் காலை நீட்ட முடியவில்லை. மாலையில் சிறுநீர் பால் சேர்க்காத டீயின் நிறத்தில் போனது. அபுதாஹிர் பதறிப்போய் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

சோதனைகளெல்லாம் முடிந்த பிறகு, செம்பூர்த் தமிழரான டாக்டர் ஷர்மிளா கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"சாப்பாட்டுல கிடைக்கற சர்க்கரையைத் தசை கொஞ்சம் சேர்த்து வச்சுக்கும். திடீர்னு ஓடினா, தசையில இருக்கற செல்கள் அதை உடைச்சுத்தான் சக்தி எடுக்கணும். அப்படி உடைக்கற என்சைம் உங்களுக்குப் பிறவியிலேயே இல்லை."

"கொஞ்சம் நின்னா சரியாவுதே டாக்டர்?" என்றாள் மதீனா.

"அதுக்குள்ள ரத்தம் வேற இடத்துலேர்ந்து சர்க்கரையும் கொழுப்பும் கொண்டுவந்துடும். ஆக்ஸிஜனோட சேர்த்து அதுலேர்ந்து செல்கள் சக்தி எடுத்துக்கும். மெதுவா ஆரம்பிக்கணும், வலிச்சா நிக்கணும். இத்தனை வருஷமா நீங்க செஞ்சது சரிதான். ஓடினதுதான் தப்பு. அதுல தசை சிதைஞ்சதாலதான் சிறுநீர் அந்த நிறத்துல போச்சு."

மதீனாவுக்குக் கண் கலங்கியது. "இத மாமிகிட்ட நீங்களே சொல்லிருங்க டாக்டர்."

டாக்டர் போனில் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் மாமியாரின் குரல் கேட்டது: "கஞ்சி குடிக்கலாமா அவ? கொண்டாரட்டா?"

போன மாதம் மதீனாவின் தங்கை மகள் ஹாஃபிஸாவின் நிக்காஹ். மண்டபம் மூன்றாம் மாடியில், லிஃப்ட் ஓடவில்லை. முதல் மாடி திரும்பும் இடத்தில் மதீனா நின்றாள். மாமியார் முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். பின்னால் வந்த பெண்களும் ஒவ்வொருவராக உட்கார, படிக்கட்டிலேயே பூவைப் பங்குபோட்டு வைத்துக்கொண்டார்கள். கீழே மாப்பிள்ளை வீட்டார் வழி கிடைக்காமல் நின்றார்கள்.

தொடை தளர்ந்ததும் மதீனா ஏறத் தொடங்கினாள்.

"மெல்லப் போ புள்ள," என்றார் மாமியார், கைப்பிடியைப் பற்றியபடி. "எனக்கு மூச்சு வாங்குது."