பிரவீனாவின் காடிக் காசு

பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் பம்பு மக்கர் செய்தால் பிரவீனாவைக் கூப்பிடுவார்கள். உலு திராம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில், முதுகில் ஸ்பேனர் பையோடு, தலைக்கவசத்துக்குள் பாடிக்கொண்டே வந்து சேர்வாள். சிக்னலில் யாராவது திரும்பிப் பார்த்தால் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவாள்.

பம்பு பழுதுபார்க்கும் அவளுடைய நிறுவனம் இந்த வருடம் அவளை மேற்பார்வையாளராக்கியது. மேலாளர் பிரேமகுமார் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"இனிமே குளுவாங் வரைக்கும் நீங்கதான் பாக்கணும். மோட்டார்ல போனா சரிப்படாது. மாசம் ஆயிரம் வெள்ளி கார் அலவன்ஸ் தர்றோம். சொந்தமா ஒரு காடி வாங்கிடுங்க."

அன்று மாலை அவள் வீட்டில் செய்தியைச் சொன்னதும் கணவன் யுகேந்திரன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்தான். அவன் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவன். நாற்பது பேரை ஏற்றிப் போகிறவனுக்குச் சொந்தமாக நான்கு சக்கரம் கிடையாது என்பது வெகுநாள் குறை. மறுநாளே கடைக்குப் போய், ஏழு பேர் உட்காரும் புதுக் காருக்கு ஐந்நூறு வெள்ளி முன்பணம் கட்டிவிட்டு வந்தான்.

"தவணை தொள்ளாயிரத்து எண்பது. அலவன்ஸ்ல கட்டிட்டு இருபது வெள்ளிக்குத் தே தாரேக் டீ குடிக்கலாம்" என்றான்.

"நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்? ஏழு சீட்டு எதுக்குங்க?"

"உன் சொந்தக்காரங்க வந்தா?"

அவள் முன்பண ரசீதை மடித்து ஸ்பேனர் பைக்குள் வைத்தாள்.

மாத இறுதியில் சம்பளம் வந்தது. பிரவீனா கைபேசியைப் பார்த்தாள். கூடுதலாக ஆயிரம் வந்திருக்க வேண்டும்; எண்ணூற்றுக்கும் கீழேதான் கூடியிருந்தது. யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, சம்பளக் கணக்கு பார்க்கும் கஸ்தூரியிடம் போனாள்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் கஸ்தூரி. "கார் அலவன்ஸ்னு பேருதான் வேற. கையில காசா குடுத்தா அதுவும் சம்பளம் மாதிரிதான். சம்பளத்தோட சேர்த்து இபிஎஃப் சேமநிதிக்கும் புடிச்சாச்சு, மாசாமாசம் வெட்டுற வரியும் ஏறிடுச்சு."

"அலமாக், போச்சே! அப்ப கம்பெனி காரையே கேட்டிருக்கலாமோ?"

"அதுக்கும் ஒரு மதிப்பு போட்டு வரியில சேர்ப்பாங்க. ஆனா வேலைக்காக ஓடுற பெட்ரோலுக்கு, டோலுக்குன்னு குடுத்தா வருஷத்துக்கு ஆறாயிரம் வரைக்கும் வரி கிடையாது. இபிஎஃப்பும் புடிக்க மாட்டோம். வீட்லேருந்து ஆபீஸ் வர்றதுக்கு இல்ல, கஸ்டமரப் பாக்கப் போறதுக்கு. நீதான் நாள் பூரா ரோட்ல கெடக்கிறியே, கேட்டுப் பாரு லா."

பிரவீனாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்தக் கஸ்தூரி போன மாதமே வாயைத் திறந்திருக்கக் கூடாதா? பிறகு, தானும் கேட்கவில்லையே என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே மேலாளர் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், ஒரு காசுகூட அதிகமாக் கேக்கல. அதே ஆயிரந்தான். ஐந்நூறைக் கார் அலவன்சா வைங்க, ஐந்நூறை வேலைக்கு ஓடுற பெட்ரோல் காசா குடுங்க."

பிரேமகுமார் கஸ்தூரியை அழைத்து விவரம் கேட்டார். பிரவீனா உண்மையிலேயே அவ்வளவு தூரம் ஓடுகிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. "எங்கெங்க போறீங்கன்னு மட்டும் ஒழுங்கா எழுதிக் குடுங்க" என்று சம்மதித்தார்.

சின்னக் காருக்கு யுகேந்திரனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆயிரமும் தவணைக்கே போய்விட்டால் பெட்ரோலுக்குச் சம்பளத்தில் கை வைக்க வேண்டும் என்று அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். இரண்டாம் நாள் அவன் தானே கடைக்குப் போய் முன்பணத்தைத் திரும்ப வாங்கினான். வரும் வழியில் பழைய கார் விற்பவரிடம் நின்று ஒரு சின்ன வெள்ளைக் காரைப் பார்த்து, அடியில் படுத்து, டயரை உதைத்து, விலையில் ஆயிரத்தைக் குறைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். தவணை பாதியாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை லாயாங் லாயாங்கில் ஓர் எண்ணெய் ஆலை பம்பைப் பார்க்க வேண்டியிருந்தது. யுகேந்திரனுக்கும் விடுமுறை, கூடவே வந்தான். அவள்தான் ஓட்டினாள். வழியில் கனத்த மழை பிடித்துக்கொண்டது. உடம்பில் ஒரு சொட்டுகூடப் படாமல் மழைக்குள் போவது அவளுக்குப் புதிதாக இருந்தது. உற்சாகம் தாங்காமல் பாட ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவனோ ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, பயமா இருக்கா?"

"ஓட்டுறது பரவால்ல. இத்தன வருஷமா நீ இந்தக் குரல்லதான் ரோட்டுல பாடிக்கிட்டுப் போனியா?"

அவள் வைப்பரை வேகமாக்கிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.