மகள் என்னைப் பேசிக் காட்டுகிறாள்

2025 ஜூலை 9, புதன்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். கேன் தண்ணீரில் பல் துலக்கினேன். கொல்லிமலையில் நான் பிறந்த வீடு இது. கல்லூரிக்குப் போகும்வரை பின்னாலிருக்கும் ஊற்றுத் தண்ணீரைத்தான் குடித்தேன். இப்போது நியூசிலாந்திலிருந்து வந்து இறங்கினால், எனக்கும் மகள் மதிக்குமாக அண்ணி செம்மேட்டிலிருந்து கேன் வாங்கி வைத்துவிடுகிறார். ஊற்றுத் தண்ணீரே போதும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். "வேண்டாந் தம்பி, உங்களுக்கு ஒத்துக்காதுங்க" என்கிறார். ஆறரைக்குக் காபி. ஏழு முதல் ஒன்பதுவரை அண்ணனோடு மிளகுக்கொடிகளைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி, அரிவாளை என் கையில் கொடுக்கமாட்டார். மதியம் சாமைச் சோறு. மற்றவர்கள் தரையில் உட்கார, எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி.

சாப்பிட்டு முடித்த பிறகு, கல்லூரியை விடப்போவதாக மதி சொன்னாள். நியூசிலாந்தில் அவள் பார்மசி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வாரக் கடைசிகளில் மேடையேறி ஸ்டாண்ட்-அப் காமெடி செய்வது தெரியும். பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தோம். இப்போது ஒரு குழு, ஊர் ஊராகப் போய் நடத்தும் நிகழ்ச்சிக்கு அவளை அழைத்திருக்கிறது. அடுத்த திங்களன்று வகுப்புகள் தொடங்குகின்றன, அதற்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மனைவி செவிலி. விடுப்பு கிடைக்காமல் அங்கேயே இருக்கிறாள். அவளிடம் மதி முன்பே சொல்லிவிட்டாளாம்.

அண்ணன் கை கழுவிவிட்டு வந்து என் எதிரே நின்றார். "காலேஜுக்கு ஒரு போன் போட்டு, எம் புள்ள பேர எடுத்துராதீங்கன்னு சொல்லு."

"எங்கிட்டப் பேசமாட்டாங்கண்ணா. அவளுக்கு இருவது வயசாச்சு."

"அப்பன்னு சொல்லு."

"அப்பன்னு சொன்னாத்தான் பேசமாட்டாங்க."

"அப்பறம் அப்பன்னு ஒருத்தன் அங்க எதுக்கு?"

"கார் ஓட்டறதுக்குங்க" என்றார் அண்ணி, பாத்திரத்தை எடுத்துக்கொண்டே. மதி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், மறுக்க ஒன்றுமில்லாததால்.

என் காலத்தில் இந்த மலையில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. சமவெளிக் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது நான் மிமிக்ரி செய்வேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் முனகுவதையும், வாந்தி வருகிறவர்களைக் கண்டக்டர் சன்னலோரத்துக்கு விரட்டுவதையும் பேசிக் காட்டுவேன். பேளுக்குறிச்சித் திருவிழா மேடையில் அதைச் செய்தபோது, "இன்னொருக்கா பஸ்ஸ ஓட்டு" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. ஒரு மெல்லிசைக் குழு, பாட்டுகளுக்கு நடுவே பேசுவதற்கு என்னை நிரந்தரமாக வரச் சொன்னது. கல்லூரியை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மறுவாரம் அப்பா ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கி வந்தார். முதல்வர் அறைக்குள் அவர்கள் பேசினார்கள். நான் வராந்தாவில் நின்றேன். அப்பா வெளியே வந்து, "பேசியாச்சு சாமி, நீ படி" என்றார். அவ்வளவுதான். அன்று எனக்குக் கோபம்கூட வரவில்லை. இப்போது வருகிறது. அதைக் கேட்டுக்கொள்ள அப்பா உயிரோடு இல்லை. அவர் அன்று பேசியிருக்காவிட்டால் இந்த வேலையும் வீடும் பாஸ்போர்ட்டும் எனக்கு இல்லை என்பதும் உண்மை. அதனால் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை.

நியூசிலாந்தில் மிமிக்ரி உதவாது. அசலைக் கேட்டிராதவர்களுக்கு நகல் வெறும் சத்தம். பால்பவுடர் ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்த ஆண்டு, கிறிஸ்துமஸ் விருந்தில் அந்த பஸ்ஸை ஓட்டிக் காட்டினேன். என் மேலாளர் கிரெய்க் பக்கத்தில் வந்து, உனக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"என்னத்தத்தான் பேசறே, காட்டு பாப்போம்" என்றார் அண்ணன். மதி கைபேசியில் வீடியோவை ஓட்டினாள். மேடையில் அவள் திறந்திருக்கும் கதவைத் தட்டுவதுபோல் காட்டி, கழுத்தை முன்னால் நீட்டி, கைகளை வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு, "சாரி டு டிஸ்டர்ப் யூ" என்றாள். அது நான். கிரெய்க்கிடம் முதன்முதலில் விடுப்பு கேட்ட கதை. "இட்ஸ் யுவர் லீவ், மேட்" என்றார் அவர், தாராளமாக எடுத்துக்கொள் என்ற அர்த்தத்தில். நம் ஊரில் ஓர் அதிகாரி "உன் இஷ்டம்" என்றால் என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கும் நம் ஆட்களுக்குத் தெரியும். நான் பயந்துபோய் விடுப்பைத் திரும்பப் பெற்று, மூன்று முறை நன்றி சொல்லி வெளியே வந்தேன். வீட்டில் நானே சொல்லிச் சிரித்த கதைதான். வெள்ளைக்காரக் கூட்டம் அதைக் கேட்டு மேசையைத் தட்டியது. இங்கே ஒரு வார்த்தை ஆங்கிலம் புரியாத அண்ணனும் அண்ணியும் அதற்கு மேல் சிரித்தார்கள். "அப்படியே இவந்தான். கழுத்தப் பாரு" என்றார் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கு உன்னையும் உட்டிருக்கலாமாட்ட இருக்குது" என்றார். சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

எனக்கும் ஒன்று தெரிந்தது. மூன்றாவது நன்றிக்கு முன்னால் அவள் விடும் இடைவெளி கச்சிதமாக இருந்தது. அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

பிறகு அவள் என்னைத் தனியே வாசலுக்கு அழைத்தாள். "அப்பா, காலேஜை விடலாமான்னு நான் உங்களக் கேக்கல. இதத்தான் கேக்கறேன். உங்களப் பேசிக் காட்டலாமா?"

"வேண்டாம்னா?"

"பண்ணமாட்டேன். அவங்க கேக்கறதே இந்தப் பகுதியத்தான். இது இல்லன்னா டூர் இல்ல. படிக்கத் திரும்பிப் போயிடுவேன்."

என் வாழ்க்கையில் ஒருவர் என்னிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கக் காத்திருந்தது அதுதான் முதல் முறை. ஒரு சொல் போதும், அவள் படித்துவிடுவாள். நல்ல வேலை கிடைக்கும். அந்த நல்ல வேலையில் இருந்துகொண்டு திறந்த கதவைத் தட்டுவாள். அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அதன் முடிவைத்தான் சற்று முன் வீடியோவில் பார்த்தேன். அதே நேரம், அந்த மேசையைத் தட்டியவர்கள் எதைக் கண்டு சிரித்தார்கள் என்பதும் தெரியும்.

"பண்ணு" என்றேன்.

"நிஜமாவா?"

"கைய இன்னும் கொஞ்சம் மேல வெச்சுக்க. நான் அவ்வளவு கீழே கோக்கறதில்ல."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். நான் நேராக நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 10, வியாழக்கிழமை. காலை முதல் வேலையாக, பல் துலக்குவதற்கும் முன்னால், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி கிரெய்க்கை அழைத்தேன். மதி முன்னதாகக் கிளம்புகிறாள். நான் விடுப்பை நீட்டி இன்னும் ஒரு வாரம் இங்கே இருக்க நினைத்தேன். "சாரி டு டிஸ்டர்ப் யூ, கிரெய்க்" என்று தொடங்கினேன். குரல் என்னுடையதுதான். ஆனால் ஏற்ற இறக்கமெல்லாம் மேடையில் அவள் செய்வதைப் போலவே வந்தது. அடுத்த வரிக்குப் போகாமல் நின்றேன், கூட்டத்தின் சிரிப்பு அடங்கட்டும் என்று.

"ஆர் யூ ஸ்டில் தேர், மேட்?" என்றார் கிரெய்க்.