வயலின்காரனைக் காணோம்

ரேடியோ வால்வை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாயிற்று. அதன் உலோகக் கால்களை விரலால் தடவி, விரலை முகர்ந்தும் பார்த்தாயிற்று. இப்போது அந்தக் கண்ணாடிக் குமிழை வலது காதருகே வைத்துச் சுட்டுவிரல் நகத்தால் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறாள் குணவதி. உள்ளே எதுவும் ஆடக் கூடாது. ஆடினால் அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். எப்போதும் வலது காதுதான். ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பாள். ஜாலான் பிந்தால் தாலி என்ற தெருவில் பழைய சாமான்களைத் தரையில் பரப்பி வைத்திருக்கும் கடைக்காரர் பொறுமை இழந்து தலையைச் சொறிகிறார்.

“புதுசு தங்கச்சி. சத்தியமா பெட்டியே பிரிக்கல லா.”

“புதுசுன்னா காலு ஏன் அண்ணே கறுத்துக் கெடக்கு? வேற காட்டுங்க.”

நாற்பதை எட்டிவிட்ட குணவதிக்கு எதையும் யாரையும் எடுத்த எடுப்பில் நம்பி வழக்கமில்லை. பாசாரில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கமாட்டாள். மாப்பிள்ளை பார்த்த காலத்தில் வந்த படத்தைத் திருப்பிப் பின்னால் இருந்த ஸ்டூடியோ முத்திரையைப் படித்தவள் அவள். படம் எட்டு வருஷம் பழசு. தரகரிடம் அதைக் காட்டி, “இந்த ஆளோட இப்பத்தி மூஞ்சி எங்க?” என்று கேட்டாள். அதன் பிறகு தரகர் அந்தத் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவளுக்குச் சம்பளமே இந்தக் குணத்துக்குத்தான். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, மின்சுற்றுப் பலகைகளில் பற்றுவைத்த புள்ளிகளைச் சோதிக்க வேண்டும். ஒன்று பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். அவள் இருக்கைக்கு இடது பக்கத்தில் காற்றழுத்த இயந்திரம் ஒன்று வருஷக்கணக்காகச் சீறிக்கொண்டிருக்கிறது. அவள் ரிஜெக்ட் செய்த பலகையை மேலாளரே வந்து கேட்டாலும் விடமாட்டாள். “சார், நீங்க சைன் பண்ணுங்க. நான் பண்ணமாட்டேன்” என்று எழுந்து நின்றுவிடுவாள். பலகை சரியாக இருந்தும் மீட்டரில் எண் தப்பாக வந்தால் அவள் கேட்கும் முதல் கேள்வி, “மீட்டரை யாரு செக் பண்ணுனது?” என்பதுதான். மரியாதைக்குக் குறைவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்காரத்தான் ஆளில்லை.

சாயங்காலம் வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலர் சலேஹாவுக்குக் குணவதியைக் கண்டால் சிரிப்பு வரும். கேட்பதற்கு முன்பே இவள் பையைக் கவிழ்ப்பாள், சப்பாத்தைக் கழற்றித் தட்டிக் காட்டுவாள். “தெங்கோக் பெத்துல்-பெத்துல், காக்” என்பாள், நல்லாப் பார்த்துக்கொள் அக்கா என்று. சலேஹா கையை வீசிப் போகச் சொன்னாலும் போகமாட்டாள். காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குணவதி ரேடியோவும் இசைத்தட்டும் சேர்ந்த பழைய ரேடியோகிராம் பெட்டிகளுக்கு உயிர் கொடுக்கிறாள். தொழிற்சாலைக்குத் தெரிந்தால் முதலில் எழும் கேள்வி, சாமான் எங்கிருந்து வருகிறது என்பதாகத்தான் இருக்கும். ஒரு வாய் சொன்னால் போதும், வேலை போய்விடும்.

இந்த வித்தையை அவளுக்குக் கொடுத்ததும் சந்தேகம்தான். ஒருமுறை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிய வீட்டு ரேடியோ ஒரே வாரத்தில் மறுபடியும் படுத்துவிட்டது. கடைக்காரன் அப்படி என்னதான் மாற்றினான் என்று பார்க்க முதுகுப் பலகையைத் திறந்தாள். உள்ளே ஒட்டடை கூடக் கலையவில்லை. வந்த ஆத்திரத்தில் புத்தகம் வாங்கிப் படித்தாள், பாழான பெட்டிகளை வாங்கிப் பிரித்தாள், இரண்டு முறை ஷாக் வாங்கினாள். பிறகு அவள் தங்கியிருக்கும் அக்காள் வீட்டுச் சமையலறையில் பாதி அவள் பட்டறையாகிவிட்டது.

அவளிடம் ஒரு சிவப்பு நகப்பூச்சுப் புட்டி உண்டு. நகத்தில் ஒருநாளும் பூசியதில்லை. ஒரு திருகை அளவாகத் திருப்பி, மனசுக்குத் திருப்தியானதும் அதன் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். அவள் வரையில் அதுதான் பாஸ். பிறகு யாராவது கை வைத்தால் பொட்டு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். சூலியா தெருவில் அதை வாங்கும்போது, “கண்ணாலமாக்கா?” என்று கடைப் பெண் கேட்டதற்கு, “ரேடியோவுக்கு” என்று உள்ளதைச் சொன்னாள். அந்தப் பெண் நம்பவில்லை.

டத்தோ கெராமாட் சாலையில் குடியிருக்கும் ஸ்ரீஸ்கந்தராஜா பட்டர்வொர்த் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் வீட்டுக் கூடத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு ஜெர்மன் ரேடியோகிராம் கிடந்தது. வால்நட் பலகை, ஒரு பக்கம் இசைத்தட்டுச் சுழலும் மேடை, மறுபக்கம் ரேடியோ, நடுவில் நிலையம் சரியாக அமைந்தால் ஒடுங்கும் பச்சைக் கண் விளக்கு. பதவி உயர்வு கிடைத்த வருஷம் ஒரு மோட்டார் சைக்கிள் விலை கொடுத்து வாங்கியதாம். ஊமையாகிப் பல வருஷமாயிற்று. குணவதியை உள்ளே விடுவதற்கு முன்பே அவர் நிபந்தனை போட்டார்.

“பெட்டி இந்த வீட்டு வாசலைத் தாண்டாது, பிள்ளை. என்ர கண்ணுக்கு முன்னால வேலை செய்யவேணும். கழட்டின சாமான் ஒவ்வொண்டும் இந்த டின்னுக்குள்ள வரவேணும்.”

முதல் ஞாயிறு வால்வுகளைக் கழற்றியபோது, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருப்பதைக் கண்டாள். களவாக மாற்றினால் கண்டுபிடிக்கக் கிராணியார் செய்து வைத்த ஏற்பாடு. வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். குணவதிக்கு அந்த மனிதரை அன்றைக்குத்தான் பிடித்தது. தானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு, புள்ளி அழியாமல் துடைத்து வைத்தாள்.

அவர் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவள் கையையே பார்த்துக்கொண்டு ஊரையெல்லாம் குற்றம் சொல்வார். டெலிபோன் இலாகாக்காரன் மணியின் சத்தத்தைக் குறைத்துவிட்டான். மனைவி கனகேஸ்வரி இப்போதெல்லாம் வேண்டுமென்றே வாய்க்குள் முணுமுணுக்கிறாள். “ஒரு நல்ல காரியம், இந்த நுளம்புத் தொல்லை ஒழிஞ்சுது. முந்தியெல்லாம் காதுக்குள்ள வந்து பாடும்” என்றார் ஒருநாள். சமையலறை வாசலில் நின்ற கனகேஸ்வரி தன் முழங்கையில் பட்டென்று ஒரு கொசுவை அடித்தார்.

காய்ந்துபோன கெப்பாசிட்டர்களையும் செத்த வால்வு ஒன்றையும் மாற்றி, கல்லாய் இறுகிவிட்ட ரப்பர் சக்கரத்துக்குப் பதில் வேறு தேடிப் போட்டு, புதிய ஊசி பொருத்தி, கடைசிப் பொட்டையும் வைத்து முடித்த ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கண் மெல்ல விழித்தது. கிராணியார் உறையிலிருந்து தன் பிரியமான இசைத்தட்டை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். பாட்டு எழுந்தபோது சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றுவிட்டது. பாடகர் ஓய்ந்த இடத்தில் வயலின் தனியாக ஏறிப் போயிற்று.

கிராணியார் முகம் சுருங்கியது.

“வயலினைக் காணேல்லையே?”

“இப்ப அதானே ஐயா போய்க்கிட்டு இருக்கு.”

“என்ன கதை கதைக்கிறீர்? இந்த இடத்தில வயலின்காரன் மேல ஏறுவான். கம்பளி போட்டு மூடின மாதிரியல்லோ கிடக்கு. எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறீர் அவனை?” அவர் எழுந்து நின்றுவிட்டார். “சின்ன ஸ்பீக்கர் ரெண்டையும் மாத்திப்போட்டீர். நல்லதைக் கழட்டிக்கொண்டு, உங்கட பேக்டரியில பொறுக்கின மலிவுச் சாமானைப் பூட்டியிருக்கிறீர். உங்கட மனேச்சரை எனக்குத் தெரியாது எண்டு நினையாதையும். கோயில்ல காணுற மனுசன்தான்.”

குணவதி சப்பாத்தைக் கழற்றித் தட்டிக் காட்டிய அத்தனை சாயங்காலமும் இந்த ஒரு வாய்க்கு முன்னால் வீண். “அடுத்த வாரம் வந்து பாக்குறேன் ஐயா. அதுவரைக்கும் யாருகிட்டயும் எதுவும் சொல்லாதீங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் எல்லோரையும் சந்தேகப்பட்டாள். வேலை முடிந்த பிறகு குறை கண்டுபிடித்துப் பேர் வாங்கும் ரகமோ இந்த மனுஷன்? தான் கைகழுவப் போன நேரத்தில் அந்தம்மா துடைக்கிறேன் என்று எதையாவது திருகிவிட்டதோ? ஜாலான் பிந்தால் தாலிக்காரன் கொடுத்த வால்வுதான் சூடேறியதும் குணத்தைக் காட்டுகிறதோ? மைக்ராஸ்கோப்பில் பலகைகள் ஓடின. மேலாளர் அந்தப் பக்கமாக நடந்தால் அவள் பார்த்த பலகையையே மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு கிராணியார் வீட்டுக்குப் போய் முதுகுப் பலகையைத் திறந்தாள். சிவப்புப் பொட்டுகளில் ஒன்றில்கூட வெடிப்பில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த ஜெர்மன் எழுத்துகளைக் கிராணியாருக்கே காட்டினாள். அவர், “எழுத்தை யாரும் ஒட்டலாம்” என்றார். இசைத்தட்டை ஓடவிட்டு, சின்ன ஸ்பீக்கரிடம் வலது காதைக் கொண்டுபோனாள். வயலின்காரன் அங்கேதான் இருந்தான், சுத்தமாக, சுருதி பிசகாமல். பெட்டி சரி. அப்படியென்றால் மீட்டர்?

கிராணியார் குனிந்து இசைத்தட்டின் தூசியைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். குணவதி சத்தமில்லாமல் எழுந்து அவருக்குப் பின்னால் போய், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி வைத்து உரசினாள். அவர் ஒற்றிக்கொண்டிருந்தார். மறு காதுக்கும் உரசினாள். இடுப்பிலிருந்த சின்னச் சாவிக்கொத்தை எடுத்துக் கிலுக்கினாள். சமையலறையிலிருந்து கனகேஸ்வரி எட்டிப் பார்த்தார். கிராணியார் திரும்பவில்லை. கடைசியாக முழங்கையால் பெட்டியின் பலகையில் ஓர் இடி இடித்தாள்.

“என்ன பிள்ளை, உடைக்கிறீரோ?” என்று சட்டென்று திரும்பினார்.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். சொன்னால் அவள் பேர் மிஞ்சும், வேலை மிஞ்சும். டெலிபோன் இலாகாவும் மனைவியும் கொசுவும் ஒரே சமயத்தில் நிரபராதிகளாகிவிடுவார்கள். குணவதி வாயைத் திறந்தாள். அவர் அந்தத் துணியை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, குற்றம் சாட்டும் முகத்தோடு காத்திருந்தார். அந்த முகத்துக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்திருந்தும் அதைத் தான் பார்க்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பிப் போய்ப் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டாள். சின்ன ஸ்பீக்கர்களைத் தேவைக்கு மேல் கத்தவிடாமல் அடக்கி வைத்திருந்த பாகத்தை விலக்கி நேராக ஒயர் கொடுத்தாள். கீச்சென்ற மேல்சுருதிச் சத்தங்களைக் கூட்டும் திருகைத் தன் சிவப்புப் பொட்டை உடைத்துக்கொண்டு கடைசி வரை திருப்பினாள். பாட்டுப் போட்டதும் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் அவளுக்குப் பல் கூசியது. தொழிற்சாலையாக இருந்தால் இந்தப் பெட்டியைத் தூக்கி ரிஜெக்ட் மேஜையில் வைத்திருப்பாள்.

“வந்திட்டான்!” கிராணியார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வயலின் ஏற ஏற அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. “வந்திட்டானப்பா! என்ன பிழை, பிள்ளை? எங்க பிழை விட்டனீர்?”

தன் வேலையில் தப்பு என்று குணவதி ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ள அவசியம் வந்ததும் இல்லை.

“என் தப்புதான் ஐயா. ஒரு ஒயரை மாத்திக் குடுத்துட்டேன். ஸ்பீக்கர் ரெண்டும் உங்களுதுதான்.”

“நான் சொன்னனான்! நான் அப்பவே சொன்னனான்!” அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். சமையலறைப் பக்கம் திரும்பி, “கனகம், கேட்டீரோ? களவில்லை, கவனமில்லை. ஒயரை மாத்திக் குடுத்துப்போட்டுது இந்தப் பிள்ளை. ஆரும் கேட்டால் சொல்லுவன், நேர்மையான பிள்ளை, கொஞ்சம் பொறுப்பு மட்டும் போதாது எண்டு!” என்று கூவினார். குணவதி தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தாள். இனி கோயிலில் அவளைப் பற்றி இதுதான் பேச்சு.

கனகேஸ்வரி கோப்பி கொண்டுவந்தார். இத்தனை ஞாயிறும் கண்ணாடிக் குவளையில் வந்தது, அன்றைக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் வந்தது. “குடியும், பிள்ளை” என்று கையிலேயே கொடுத்தார். குனிந்தபோது தெரிந்தது, அவருடைய இரண்டு காதிலும் பஞ்சு.

கிளம்பும்முன் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்து, தூரிகையை அந்தத் திருகின் அருகே கொண்டுபோனாள். பொட்டு வைக்கக் கை வரவில்லை. மூடிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பஸ் நிறுத்தத்தில் வேறு ஆளில்லை. அந்த வயலின் தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்து ஓய்ந்திருந்தது. குணவதி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, வலது காதருகே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து உரசினாள். காய்ந்த இலையை நொறுக்குவதுபோல் தெளிவாகக் கேட்டது. கையை இடது காதுக்கு, தொழிற்சாலை இயந்திரம் சீறும் பக்கத்துக்கு, கொண்டுபோய் உரசினாள். பஸ் வந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தவில்லை. விரல்களை இன்னும் நெருக்கமாக, காது மடலில் படும்படி வைத்து மறுபடியும் உரசிக்கொண்டிருந்தாள்.