மூன்றாவது இன்ஜின்

நயினார்கோவில் பக்கத்து முத்தழகு லேசில் எதையும் பார்த்து வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. மிளகாய்க் காட்டை ஒண்டியாகக் கட்டி ஆண்டவள். மண்டபத்தில் மகன் நாகேந்திரன் வேலை பார்க்கும் கடலோரக் காவல்படைக் கப்பலைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டாள். வீரர்களின் குடும்பங்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் நாள் அது. இந்தப் பாழாய்ப்போன கடல் வேலையை விடச் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் ஏறியிருந்தாள்.

இன்ஜின் பிரிவில் இருந்த மகனுக்கோ பெருமை பிடிபடவில்லை. "அடியில தண்ணிய உறிஞ்சிப் பின்னால பீச்சி ஓடும்மா. ஆழமில்லாத நம்ம கடலுக்கு அதுதேன் தோது. மூணு இன்ஜின்!"

"நம்ம போர்வெல் மோட்டார் மாதிரின்னு சொல்லு."

"ஆத்தாடி! இதுக்குள்ள ஆயிரம் மோட்டார் அடங்கும்."

இருட்டிலும் ஆளைக் காட்டும் கேமரா, அலை ஆட்டினாலும் குறி தப்பாத பீரங்கி என்று சுற்றிக் காட்டிவிட்டு அவன் கீழே இறங்கிப் போனான். ரப்பர் படகை இறக்கிக் காட்டுவதற்காக நடுக்கடலில் கப்பல் நின்றது.

கண்மாய் பெருகினால் மடைத் தண்ணீரில் புதுச்சேலை விடுவது முத்தழகு பிறந்த வீட்டு வழக்கம். இத்தனை பெரிய தண்ணீருக்கு வெறுங்கையோடு வருவாளா? பையிலிருந்த சுங்குடிச் சேலையைக் கப்பலின் பின்பக்கம் கடலில் விட்டுக் கும்பிட்டாள். யாரும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தகவல் வந்தது. காரங்காட்டுக் கரைக்குக் கிழக்கே நாட்டுப்படகு கவிழ்ந்து அண்ணன் தம்பி இருவர் தண்ணீரில் கிடந்தார்கள். பக்கத்தில் வேறு கப்பல் இல்லை. குடும்பங்களைக் கரையில் விட்டுவர நேரமும் இல்லை. இன்ஜின்கள் உறுமின, ஒன்று மட்டும் திணறித் திணறி ஓய்ந்தது. பாசி அடைத்த மோட்டாரோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவளுக்கு உடனே புரிந்துவிட்டது, உறிஞ்சும் வாயில் அடைத்திருப்பது அவள் விட்ட சேலைதான்.

ஓடிப்போய்க் கேப்டன் முன்னால் நின்றாள். "அய்யா, நாந்தேன் சேலைய விட்டேன். சாமிக்குன்னு விட்டேன். ரெண்டு உசுரு போச்சுன்னா அந்தப் பாவம் எனக்குத்தேன். எம் மகனை ஒண்ணும் பண்ணிராதீக."

கேப்டனின் முகம் சிவந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "உக்காருங்கம்மா. மத்த ரெண்டுலயும் ஓடும். வேகம்தான் குறையும்."

அடேயப்பா, அந்தக் குறைந்த வேகமே அப்படி ஒரு ஓட்டம்! அலைக்குள் கடுகாய்த் தெரிந்த ஒரு தலையைக் கேமரா திரையில் பிடித்துக் கொடுத்தது. கப்பல் நின்றது, ரப்பர் படகு சீறிப் போய் ஆளைத் தூக்கி வந்தது. அண்ணன்காரர் மூச்சு வாங்கியபடி, "தம்பிய நீரோட்டம் தெக்க இழுத்துட்டுப் போச்சு" என்று கதறினார். வேகம் குறையாதிருந்தால் அவனும் இங்கே இருந்திருப்பானே என்று முத்தழகு மார்பில் அடித்துக்கொண்டாள்.

கப்பல் நின்ற அந்த இடைவெளியில் நாகேந்திரன் உறிஞ்சும் வாயின் மூடியைத் திறந்து, சேலையைக் கிழித்துக் கிழித்து இழுத்திருந்தான். "சார், அடைப்பு எடுத்தாச்சு" என்று மேலே தலை நீட்டியவனின் கையெல்லாம் ரத்தம். அம்மாவைப் பார்த்ததும் நின்றான்.

வேலையை விடச் சொல்ல வந்தவள் கத்தினாள்: "ஏலே, எம் மூஞ்சில என்னத்தப் பாக்குற? ஓடுலே, மூணையும் ஓட்டு! அங்கன ஒரு புள்ள கெடக்கான்!"

மூன்றாவது இன்ஜினும் உறுமியது. கப்பல் தெற்கே பாய்ந்தது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் முத்தழகு. நீலத்துக்குள் ஒரு புள்ளி தெரிந்தது. கப்பல் நெருங்க நெருங்க, அது கையைத் தூக்கி ஆட்டியது.