மல்லாட்டை முளைத்த வருடம்

டிவி செய்தியில் இரும்புச் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. பாலஸ்தீனத்தில் ராணுவம் போட்ட கேட். ஆலிவ் பறிக்கத் தன் நிலத்துக்குப் போக முடியாமல் ஒரு பெரியவர் குடும்பத்தோடு வெளியே நிற்கிறார். சிப்பாய் பூட்டைத் திறக்கவில்லை.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வல்லத்தில் எங்கள் கொல்லையைச் சுற்றியிருந்த மற்ற நிலங்களையெல்லாம் வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, வண்டிப்பாதையில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். உள்ளே எங்கள் மல்லாட்டை முற்றிக் கிடந்தது. முற்றிய நிலக்கடலையை மழை பிடிப்பதற்குள் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். மழை பிடித்துக்கொண்டது.

நைனா கொல்லையில் செருப்போடு கால் வைக்க மாட்டார், வரப்பிலேயே கழற்றிவிடுவார். அன்று கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டுச் சேற்றில் நின்றார்.

“தொறப்பா, எங்க கொல்லதானே.”

“ஓனரு வரணும்,” என்றான் காவலாள்.

தினமும் போய் நின்றோம். ஒருவழியாகத் திறந்தபோது அம்மா ஓடிப்போய் ஒரு செடியைப் பிடுங்கினாள். கொத்து முழுக்க வெள்ளை வெள்ளையாய் முளை. நைனா செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தச் செடிகளை மிதித்தபடி கொல்லைக்குள் நடந்தார்.

கண் மங்கிய அம்மா இப்போது டிவி பக்கம் காதைத் திருப்பினாள்.

“கேட்ட பூட்டிட்டாங்களா? உள்ள இன்னா போட்டுருக்காங்க?”

“ஆலிவ்மா.”

“மழ வர்றதுக்குள்ள தொறந்து உடச் சொல்லுடி. மொளச்சிடும்.”

ஆலிவ் மரத்தில் காய்ப்பது என்று நான் அவளிடம் சொல்லவில்லை.