இரண்டாம் நாள் தாமதம்

"இந்தத் தடவை நீங்க ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது," என்றாள் மனைவி. "பேப்பர்னு ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சுன்னா, பட்ட இடத்துலேர்ந்தே நான் வீட்டுக்குத் திரும்பிடுவேன்."

டைம் கீப்பர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவர் போட்ட பயணத் திட்டத்தைப் பற்றி அவள் நல்லதாகவோ கெட்டதாகவோ வாயைத் திறந்ததில்லை. அப்படிப்பட்டவள் இன்று திறக்கிறாள் என்றால் சும்மா திறக்க மாட்டாள். அவருக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

அந்த மூக்கின் வரலாறு தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். பேருந்துப் பணிமனை வாசலில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகிறது, எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்று அங்கே உட்கார்ந்து எழுதுவது அவர் வேலை. முப்பத்து மூன்று வருடமாக எழுதுகிறார். ஓட்டுநர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'மணியாச்சு'. வண்டி தாமதமாக வந்தால் அதற்கென்று தனிப் பதிவேடு உண்டு. அதில் நான்கு கட்டம்: வர வேண்டிய நேரம், வந்த நேரம், காரணம், பொறுப்பு. நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அவர் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. வெள்ளம் வந்து சாலையே அடித்துக்கொண்டு போனாலும் அவரைப் பொறுத்தவரை யாரோ ஒருவர் பொறுப்பு.

இதை அவர் வேலையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. வருடத்துக்கு ஒரு முறை நான்கு நாள் வெளியூர் போவார்கள். அதற்கும் ஒரு நோட்டு, அதிலும் அதே நான்கு கட்டம். பல் தேய்க்க நான்கு நிமிடம், அருவி பார்க்க முப்பத்தைந்து நிமிடம், அருவியிலிருந்து ஈரத் துணியோடு வண்டிக்கு நடக்கப் பதினொரு நிமிடம். மனைவிக்கு ஒரு பிரதி, மகள் கல்யாணமாகிப் போகும்வரை அவளுக்கும் ஒரு பிரதி. அருவியைப் பார்த்தார்களோ இல்லையோ, மூன்று பேரும் கடிகாரத்தை நன்றாகப் பார்த்தார்கள்.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கடைசி வரி எழுத்து தெரியாமலே தெரிகிற மாதிரி வாசிக்கிற ஆட்களை நாள் முழுக்கப் பார்ப்பவள். பொறுமைசாலி. அந்தப் பொறுமைசாலிக்கு இப்போது என்ன வந்தது என்பதுதான் அவருடைய கேள்வி.

மறுநாள் மீசைக்கார ஓட்டுநர் ஒருவர் கையெழுத்துப் போட வந்தபோது, யாரோ நண்பர் வீட்டு விஷயம் போல மெல்லக் கேட்டுப் பார்த்தார். மீசைக்காரர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார், "ஏதோ இருக்கு சார். ரூட்ட மாத்துறவன் சும்மா மாத்த மாட்டான். நீங்க சொல்லிக் குடுத்ததுதான சார்."

அது போதாதா. ஞாயிற்றுக்கிழமை மனைவி கடைக்குப் போனதும் பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய பயண நோட்டுகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினார். போன வருட நோட்டில், இரண்டாம் நாள், இரண்டு மணி ஐம்பது நிமிடம் தாமதம். காரணம்: செருப்பு வார் அறுந்தது. பொறுப்பு: மனைவி. அதற்கு முந்தைய வருடம், இரண்டாம் நாள், மூன்று மணி நேரம். காரணம்: வயிற்று வலி. பொறுப்பு: மனைவி. அதற்கும் முன்னால், கைப்பையை விடுதியில் மறந்துவிட்டு வந்தது. தலைசுற்றல். கணுக்கால் பிசகியது. மறுபடியும் வயிறு. எல்லாம் இரண்டாம் நாள், எல்லாம் மதியத்துக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஒரே ஆள். ஆறு நோட்டோடு நிறுத்திக்கொண்டார். பணிமனையில் மூன்று நாளுக்கே மெமோ கொடுப்பவர் அவர்.

ஒரே வண்டி ஒரே நிறுத்தத்தில் தினமும் தாமதமானால் அதற்குக் காரணம் போக்குவரத்து நெரிசல் இல்லை. அந்த நிறுத்தத்தில் ஓட்டுநருக்கு யாரோ இருக்கிறார்கள். இப்படிப் பல பேரை அவர் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். ஆனால் ஆறு வருடமும் ஆறு வேறு ஊர். ஊர் ஊராகப் பின்னாலேயே வரக்கூடிய ஆள் யார்? கட்டிலில் உட்கார்ந்து யோசித்ததில் ஒரு முகம் வந்து நின்றது. கண்ணாடி பிரேம் விற்கும் கம்பெனிக்காரர். மாதா மாதம் பெட்டியோடு அவள் கடைக்கு வருபவர், ஊர் சுற்றுவதையே தொழிலாகக் கொண்டவர், சிரித்துச் சிரித்துப் பேசுபவர். அந்த மனிதருக்கு அறுபத்தைந்து வயது, பேரப் பிள்ளைகள் வேறு உண்டு என்பதெல்லாம் அந்த நேரத்தில் டைம் கீப்பருக்கு நினைவுக்கு வரவில்லை. சந்தேகம் வந்தவனுக்கு வயது வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில் பொடி எழுத்தில் ரகசியமாக ஒரு திட்டம் போட்டு, நான்காக மடித்து, சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் பதினொன்றிலிருந்து இரண்டு வரை மட்டும் எந்த இடமும் எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரே வார்த்தை: கண்காணிப்பு.

கிளம்பினார்கள். ஏரிக்கரை ஊர் ஒன்று. அதையும் அவள்தான் சொன்னாள், அதுவும் சந்தேகத்துக்கு இடமானதுதான். முதல் நாள் திட்டமில்லாப் பயணம் அவரை வறுத்து எடுத்தது. இறங்கிய இடத்தில் விடுதி நிரம்பியிருந்தது. அடுத்த விடுதியும் நிரம்பியிருந்தது. மூன்றாவதாக, ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம்.

"நான் போட்டிருந்தா முன்னாடியே ரூம் சொல்லி வெச்சிருப்பேன்," என்றார்.

"ஆமாங்க. அது தப்புதான்," என்று உடனே ஒப்புக்கொண்டாள். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறாளே என்று அதற்கும் சந்தேகப்பட்டார்.

இரண்டாம் நாள் விடிந்ததிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அவள் செருப்பைப் பார்த்தார், வார் உறுதியாக இருந்தது. அவள் சாப்பிடுவதைப் பார்த்தார், வயிறு நன்றாகவே இருந்தது. கைப்பை தோளில் தொங்கியது. பத்தே முக்காலுக்கு அவள் படகுச் சீட்டு கொடுப்பவரிடம் ஏதோ கேட்கப் போனபோது, ஷூ லேசைக் கட்டுகிற சாக்கில் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டார். கழிவறை எங்கே என்று கேட்டாள். வெளியே வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். தனியாகத்தான் போனாள், தனியாகத்தான் வந்தாள்.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. கரையோரமாக நடந்தார்கள், ஒரு மரத்தடியில் பழம் வாங்கித் தின்றார்கள். பெட்டியோடு வந்த ஒவ்வொரு ஆளையும் அவர் முறைத்துப் பார்த்தார். அதில் ஒருவர் பயந்துபோய் எதிர்ப்பக்கம் சென்றார். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. சங்கதி தெரிந்து உஷாராகிவிட்டாள், இனிமேல் எப்போதும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தார். முப்பத்தோரு வருடம் கூட இருந்தவளைப் பற்றித் தனக்கு எதுவுமே தெரியாதோ என்ற எண்ணம்தான் அடியில் கிடந்து அரித்தது. ஒரு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"இன்னிக்கு உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"என்ன ஆகணும்?"

"வயிறு. செருப்பு. தலைசுத்தல். ஏதாவது."

கடையில் கடைசி வரியைச் சொந்தமாக இட்டுக்கட்டி வாசிப்பவர்களைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். "நோட்டெல்லாம் எடுத்துப் பாத்தீங்களா?"

"எப்பவோ பாத்துட்டேன். யாரப் பாக்கறதுக்காக வருஷா வருஷம் நிறுத்தின? நேரா சொல்லிடு. நான் கத்த மாட்டேன்."

"உங்களத்தான்."

அவருக்குப் புரியவில்லை. கேலி செய்கிறாளோ என்று பார்த்தார். அவள் முகத்தில் கேலி இல்லை.

"உங்க சார்ட் கெட்டுப்போச்சுன்னா, மொதல் அரை மணி நேரம் கத்துவீங்க," என்றாள் அவள். "அப்புறம் ஒரு மணி நேரம் அங்கயும் இங்கயும் நடப்பீங்க. அதுக்கப்புறம் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது, வந்து உக்காருவீங்க. உக்காந்தா பேசுவீங்க. உங்க அப்பா அடிச்சது, நீச்சல் கத்துக்கும்போது மூழ்கப் பாத்தது, டிப்போல சாப்பாட்டுக்குக் கூட யாரும் கூப்பிட மாட்டேங்கறாங்கன்னு வருத்தப்பட்டது, எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும். வீட்டுல ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா? அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மூணு மணி நேரம் பிடிச்சு நிறுத்துவேன். மொதல் நாளே பண்ணா நீங்க அடுத்த நாள்ல ஈடுகட்டிடுவீங்க, மூணாவது நாள் திரும்பற கவலை வந்துடும். அதனால ரெண்டாம் நாள்."

தாமதத்தையே இவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட்ட ஆளை அவர் தன் வேலையில் பார்த்ததில்லை.

"அப்போ இந்தத் தடவை மட்டும் ஏன் இப்படி?"

"பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. நீங்களா உக்காருவீங்களான்னு பாக்கலாம்னு தோணுச்சு. உள்பையில இருக்கறத எடுங்க."

"எதை?"

"நேத்து சட்டைய மடிச்சப்பவே பாத்துட்டேன். பிரிச்சுப் படிக்கல. அப்பவே கிளம்பியிருப்பேன், பஸ் இல்ல."

எடுத்துக் கொடுத்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'கண்காணிப்பு' என்ற இடத்துக்கு வந்ததும் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிரேம் கம்பெனிக்காரர் விஷயத்தையும் அவர் மென்று விழுங்கிச் சொன்னபோது, பெஞ்சின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

"நான் திட்டமே வேணாம்னு சொல்லலங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நேத்து மாதிரி தெருத்தெருவா ரூம் தேடறது எனக்கும் பிடிக்கல. ரூம் போடுங்க, டிக்கெட் போடுங்க. நடுவுல கொஞ்சம் காலியா விடுங்க, அவ்வளவுதான்."

சரி என்று தலையாட்டினார். வந்த வேலை முடிந்தது என்றுதான் நினைத்தார். ஆனால் முப்பத்து மூன்று வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? "எல்லாமே பொய்தானா?" என்று கேட்டார். "எல்லா வருஷமும் நிறுத்த முடிஞ்சுதா உனக்கு?"

அவள் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "ஒரு வருஷம் முடியல."

"எந்த வருஷம்?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. கோட்டை பாக்கப் போனோமே. கால் வலிக்குது, உக்காரலாம்னு சொன்னேன். நீங்க உஷாரா அன்னிக்கு வாடகைக்குக் கார் சொல்லி வெச்சிருந்தீங்க. வலிச்சா கார்ல உக்காந்துக்கோன்னு சொல்லி, எல்லா இடத்தையும் முடிச்சுட்டீங்க. ஒரு நிமிஷம்கூட லேட் இல்ல."

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் நடத்திய பயணங்களிலேயே பிசகில்லாதது அது ஒன்றுதான்.

"அன்னிக்கு எனக்குக் கால் வலிக்கல," என்றாள் அவள், ஏரியைப் பார்த்தபடி. "மார்ல ஒரு கட்டி தெரிஞ்சுது. அடுத்த திங்கக்கிழமை ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்றேன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. ரெண்டாம் நாள் நீங்க உக்காந்தப்புறம் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். நீங்க உக்காரவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் நானே போனேன். ஒண்ணுமில்லன்னு ரிசல்ட் வந்துச்சு. நாம திரும்பி வந்து பதினாறு நாள் கழிச்சு."

பேருந்து வந்து நின்றது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. அந்தப் பதினாறு நாளில் ஒரு நாளையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். அவள் சமைத்தது, கடைக்குப் போனது, பக்கத்தில் படுத்துத் தூங்கியது, எதுவும் வரவில்லை. ஊரில் ஓடும் வண்டிக்கெல்லாம் கணக்கு வைத்திருந்தவருக்கு அது ஒன்று வரவில்லை. அழுகை வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"அந்தப் பதினாறு நாளும் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?" என்று கேட்டார்.

அவள் கைக்குட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"ட்ரிப் நல்லபடியா முடிஞ்சுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க," என்றாள்.